சனத்தின் சத்தத்தோடு ஒரு ஒலிப்பதிவு

இந்தப் பக்கங்களில் வழமையாக வீட்டு வாடகை, பிள்ளைகளின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், அகதி விண்ணப்பம் என்று பயனுள்ள விடயங்களைத்தான் எழுதுவார்கள். நாங்கள் எழுத வந்திருப்பது ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக் கோஷ்டியின் கச்சேரியைப் பற்றி. கோபிக்க வேண்டாம். கச்சேரி நடந்தது இதே மொன்றியலில், அற்வாட்டர் மெற்றோவுக்குப் பக்கத்தில். வந்து இறங்கிய புதிதில் நாங்களும் அந்தக் கட்டிடத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறோம், என்ன ஏது என்று தெரியாமல்.

நாங்கள் என்றால் அண்ணன், தம்பி, மச்சான் மூன்று பேர். ஒரே தொழிற்சாலையில், பெட்டி அடைக்கும் ஒரே லைனில், பின்னேர வேலை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீட்டில் அம்மாவோடு இருக்கிறோம். ஓ.எல். சோதனை எழுதவேண்டிய வயதில் வன்னியில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே சங்கீத ஞானம் எங்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். காதுக்குப் பட்டதைச் சொல்கிறோம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். கியூபெக்காரர், பென்ஷன் எடுக்கக் கிட்டத்தில் நிற்பவர். மெஷின் நின்றால் எல்லோரும் போர்மனைத் தேட, இவர் கண்ணை மூடிக் காதைக் கொடுத்து எந்தப் பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். 2024 ஜனவரியில் ஒரு கிழமை முழுக்க ஒரே சந்தோஷமாகத் திரிந்தார். கேட்டால், தான் 17 வயதில் நேரில் பார்த்த கச்சேரியை ஐமாக்ஸ் திரையில் போடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். அந்தப் படத்தில் தன்னுடைய சத்தமும் இருக்கிறது என்றார். மச்சான் நம்பவில்லை. அதற்காகவே அடுத்த நாள் டிவிடியைக் கொண்டுவந்து கையில் தந்தார்.

கோஷ்டியின் பெயர் குயீன். நான்கு பேர். பாட்டு பிரெடி மேர்க்குரி, கிற்றார் பிறையன் மே, பேஸ் கிற்றார் ஜோன் டீக்கன், மேளம் றோஜர் ரெய்லர். 1981 நவம்பர் 24ஆம், 25ஆம் திகதிகளில் மொன்றியல் ஃபோரம் மண்டபத்தில் இரண்டு இரவு பாடினார்கள். ஃபோரம் என்பது 1924இல் கட்டிய ஐஸ் ஹொக்கி அரங்கு. இந்த ஊர்ச் சனத்துக்கு அது ஒரு கோவில் மாதிரி. 1996 மார்ச் மாதத்தில் கடைசி ஆட்டம் ஆடி மூடினார்கள். பிறகு சினிமாவும் கடைகளுமாக மாற்றிவிட்டார்கள். பழைய ஆசன வரிசைகளில் கொஞ்சத்தை ஞாபகத்துக்காக உள்ளே விட்டுவைத்தார்கள்.

அந்த இரண்டு இரவையும் படம் பிடித்தவர் சோல் ஸ்விம்மர் என்ற இயக்குநர். இந்தப் பெயரை நாங்கள் கவனித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க்கில், வங்காளதேச அகதிகளுக்குக் காசு சேர்க்க ரவி சங்கரும் ஜோர்ஜ் ஹரிசனும் ஒரு பெரிய கச்சேரி வைத்தார்கள். அதைப் படமாக எடுத்தவரும் இவரே. அகதிகளுக்காக உலகப் பெயர்பெற்ற பாட்டுக்காரர் சேர்ந்து மேடை ஏறிய அளவில் பெரிய முதல் கச்சேரி அதுதான் என்கிறார்கள். அந்த ஒலிப்பதிவில் ஒரு பகிடி இருக்கிறது. ரவி சங்கரும் மற்றவர்களும் சுருதி சேர்த்து முடிக்க, அதுதான் பாட்டு என்று நினைத்துச் சனம் கைதட்டுகிறது. அவர் நன்றி சொல்லி, சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார். அதை வெட்டி எறியாமல் தட்டில் விட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவில் பதிந்த பாட்டில் இப்படியொன்று வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இருந்து டிவிடியைப் போட்டோம். அம்மா முன்னுக்கு இருந்தா. கடைசிப் பாட்டுகளுக்குப் பிரெடி மேர்க்குரி மேற்சட்டையில்லாமல் ஒரு சின்ன வெள்ளைக் கழுசானோடு வந்து நிற்க, அம்மா, "இந்தக் குளிர் நாட்டிலை இந்த மனிசன் என்னடா உப்பிடி நிக்குது? தாய் தேப்பன் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டா. ஆனால் எழும்பிப் போகவில்லை.

தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறோம். மேர்க்குரி என்பது அவர் தானாக வைத்துக்கொண்ட பெயர். பிறந்த பெயர் ஃபாரூக் புல்சாரா. தாய் தகப்பன் குஜராத் பக்கத்துப் பார்சிகள். பார்சிகளே ஆயிரம் வருடத்துக்கு முன்னர் பாரசீகத்தை விட்டு ஓடி வந்தவர்களின் வழி. தகப்பன் சன்சிபாரில் பிரிட்டிஷ் அரசாங்கத்துக் காசாளர். மகன் 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கே பிறந்தார். எட்டு வயதில் பம்பாய்க்குத் தெற்கே பஞ்ச்கனி என்ற மலை ஊருக்கு, விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பியானோவும் முதல் கோஷ்டியும் அங்கேதான். 1964இல் சன்சிபாரில் புரட்சி வந்து சனத்தை வெட்டத் தொடங்க, குடும்பம் சாமான்களை விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடியது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீடு. மகன் அந்த விமான நிலையத்தில் பெட்டி சாமான் தூக்கியிருக்கிறார். பெட்டி தூக்கிய கதையைக் கேட்டதும் லைனில் எல்லோருக்கும் அவரில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

மெக்கானிக் ஐயாவுக்கு இதில் பாதி தெரியாது. நாற்பது வருடத்துக்கு மேலாக ரசித்த மனிதர், பஞ்ச்கனியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பாடியவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. மச்சான் உடனே, "அப்ப எங்கட ஆள்தான்" என்றான். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் பெயர் பெற்ற பிறகு எங்கட ஆள் என்று சொல்வது சுலபம். அவர் சுமந்துகொண்டு திரிந்தபோது யார் எங்கட ஆள் என்றது? இது எங்கள் வீட்டில் இன்னும் முடியாத வழக்கு.

பெயர்க் கதை எங்களுக்கு வேறு விதத்தில் உறைத்தது. எங்கள் பெயரெல்லாம் பதினைந்து இங்கிலிஸ் எழுத்துக்கு மேல். வேலைக்குச் சேர்ந்த அன்றே அட்டையில் நான்கு எழுத்தாகக் குறுக்கிவிட்டார்கள். தகப்பன் பெயரைப் பின்னால் போடும் எங்கள் வழக்கத்தால் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பப் பெயர். கியூபெக்கில் 1981 தொடக்கம் கலியாணம் கட்டிய பெண்களும் பிறந்த பெயரையே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு கந்தோரில் எங்களை ஒரே குடும்பமா என்று மூன்று தரம் கேட்டார்கள். மச்சானுக்குப் பிள்ளை பிறக்கப்போகும் நேரத்தில்தான் இந்தப் படத்தைப் பார்த்தோம். சின்னதாக, வெள்ளைக்காரர் வாயில் நுழையக்கூடிய பெயராக வைத்தால் நாளைக்கு வேலைக்கு மனுப் போடும்போது உதவும் என்றான் மச்சான். ஃபாரூக் என்ற பெயரோடு அந்த மனிதர் அந்த மேடைக்கு வந்திருப்பாரா என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. அம்மா மட்டும், "தானா மாத்தினது வேறை, தாய் தேப்பன் பயத்திலை மாத்திறது வேறை" என்றா. பிள்ளைக்கு ஐந்தெழுத்தில் தமிழ்ப் பெயர்தான் வைத்தோம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தகவல்: இங்கே பிறப்பை 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பற்றிச் சண்டை பிடிப்பதென்றால் அதற்கு முன்னர் பிடித்து முடியுங்கள்.

இனிப் பாட்டு. குயீன் றொக் இசைக் கோஷ்டி. ஆனால் 1980 அளவில் அவர்களுக்கு ஃபங்க் பிடித்துவிட்டது. ஃபங்க் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. ஜேம்ஸ் பிரவுன் 1960களில் வளர்த்தெடுத்தது. அதில் ராகத்தைவிட அடிதான் பெரிது. நாலு அடியில் முதலாவது அடியில் எல்லோரும் வந்து விழவேண்டும். எங்கள் தாளக் கணக்கில் சமம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஜோன் டீக்கன் அமெரிக்காவில் சிக் என்ற கறுப்பினக் கோஷ்டியோடு பழகி, அவர்களின் பேஸ் கிற்றார் நடையைக் கேட்டு, 'அனதர் வன் பைற்ஸ் த டஸ்ற்' என்ற பாட்டைச் செய்தார். 1980இல் அமெரிக்காவில் அது மூன்று கிழமை முதலாம் இடத்தில் நின்றது. மொன்றியல் படத்தில் அது கடைசிக்குக் கிட்ட வருகிறது. டீக்கன் அதிகம் ஆடாமல் அசையாமல் நின்று அந்தப் பேஸை அடிக்க, மண்டபம் முழுக்க ஒரே மெஷின் மாதிரி அசைகிறது. லைனில் நிற்கிறவனுக்கு அந்தச் சுகம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெல்ட் ஓடும் வேகமும் கையும் ஒன்றாகிவிட்டால் எட்டு மணித்தியாலம் எப்படிப் போனதென்று தெரியாது. ஒரு அடி பிசகினால் பெட்டி எல்லாம் கீழே.

இந்தப் பாட்டுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. தொழிற்சாலையில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை அமத்த வேண்டும். இந்தப் பாட்டின் அடி கிட்டத்தட்ட 110. ஆனால் பாட்டின் கருத்து இன்னொருத்தன் மண்ணைக் கவ்வினான் என்பது. சாகக் கிடப்பவனுக்கு முன்னால் வாய்விட்டுப் பாடவேண்டாம், மனதுக்குள் பாடுங்கள் என்று படிப்பித்தவரே சொன்னார்.

பிறையன் மேயின் கிற்றாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் வாங்க வசதியில்லாமல், 1963இல் தகப்பனும் மகனுமாக வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. கழுத்துக்குப் பழைய அடுப்படிச் சட்டத்தின் மரம். உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். மெக்கானிக் ஐயா இந்த இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கம் சொல்லச் சொல்லித்தான் டிவிடியைத் தந்தவர். அந்தக் கிற்றாரைத்தான் அவர் மொன்றியலிலும் வாசிக்கிறார்.

கச்சேரி முடிய 'கோட் சேவ் த குயீன்' இசையைப் போடுகிறார்கள். கோஷ்டியின் பெயருக்காகப் போடுவது. ஆனால் கியூபெக் தனியாகப் போவதா என்று 1980 மே 20ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கோபம் வரவில்லையா என்று ஐயாவைக் கேட்டோம். தகப்பன் பிரிவினைக்கு வாக்குப் போட்ட மனிதர், ஆனால் அன்றிரவு தொண்டை கட்டிப்போய் நின்றேன், கோபப்படக் குரல் இருக்கவில்லை என்றார். அந்தத் தொண்டைதான் படத்தில் இருக்கிறதாம். 'லவ் ஒவ் மை லைஃப்' பாட்டில் கிற்றாரோடு சனம் சேர்ந்து பாடும் இடத்தில், இடது பக்கம் மேல் வரிசை என்று தொட்டுக் காட்டினார். அவ்வளவு பேரில் எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிரெடி மேர்க்குரி 1991 நவம்பர் 24ஆம் திகதி எயிட்ஸ் நோயால் இறந்தார். முதலாம் நாள் கச்சேரி நடந்து சரியாகப் பத்து வருடம். ஐயா ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் இந்தத் தட்டைப் போடுவாராம்.

படம் 1980களில் ஒரு சுற்று ஓடி அடங்கியது. 2007இல் படச்சுருளைச் சுத்தப்படுத்தி, ஒலியைப் புதிதாகக் கலந்து 'குயீன் றொக் மொன்றியல்' என்று இசைத்தட்டாகவும் டிவிடியாகவும் வெளியிட்டார்கள். 26 வருடத்துக்குப் பிறகு எப்படிப் புதிதாகக் கலக்கலாம் என்று யோசிப்பீர்கள். அந்தக் காலத்தில் பெரிய கச்சேரிகளைப் பதிவது இரண்டு அங்குல அகலமான நாடாவில். அதில் 24 தடம். பாட்டு ஒரு தடம், பேஸ் ஒரு தடம், மேளத்துக்குப் பல தடம், சனத்தின் ஆரவாரத்துக்குத் தனித் தடம். பிறகு எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பது இருந்து செய்கிறவரின் கையில். நாடா பழுதாகாமல் இருந்தால் போதும். 1981 என்றால் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஞாபகம் வருவது வேறு. அந்த வருடம் மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 97,000 புத்தகங்கள். ஒரே வருடத்தில் ஒரு ஊரில் ஒரு இரவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தார்கள். இன்னொரு ஊரில் நூறு வருட ஏடுகளைச் சாம்பலாக்கினார்கள். எங்களுக்கு அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

எங்களவர்களிடமும் இப்படி மிஞ்சிய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானவர். எங்கள் வயதுக்காரர் அவரைக் கண்டதில்லை. ஆனாலும் கோவில் திருவிழாக்களிலும் கச்சேரிகளிலும் யாரோ பிடித்து வைத்த பதிவுகளில் அவர் இன்னும் வாசிக்கிறார். 2015இல் அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார்.

இதை ஐயாவிடம் சொல்லப்போய்த்தான் மாமாவின் கசற் வெளியே வந்தது. அம்மாவின் தம்பி 1980களில் மொன்றியலுக்கு வந்தவர். சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல் ஊருக்கு வந்தார். எங்கள் பிள்ளையார் கோவில் திருவிழாவில் ஒரு சின்ன ரேப் றெக்கோடரை மடியில் வைத்து மேளக் கச்சேரியைப் பிடித்துக்கொண்டு இங்கே திரும்பினார். ஊரில் இருந்த படங்கள், கலியாண வீடியோ, அப்பாவின் அடையாள அட்டை ஒன்றும் 2009க்குப் பிறகு எங்களிடம் இல்லை. அப்பாவும் இல்லை. கசற் மட்டும் மொன்றியலில் மாமாவின் லாச்சிக்குள் இருபது வருடம் கிடந்தது. மாமா செத்தபிறகு எங்கள் கைக்கு வந்தது. போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. நாடா அறுந்தால்?

ஐயா தன் வீட்டு நிலவறையில் ஒரு பழைய டெக் வைத்திருக்கிறார். அவர் செய்தவற்றை எழுதுகிறோம், உங்கள் வீடுகளிலும் இப்படிக் கசற் இருக்கலாம். முதலில் கசற்றின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்தார், தவறுதலாக அழிபடாது. வாயில் நாடாவை அமத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு கழன்று கிடந்தது; இன்னொரு வெற்றுக் கசற்றில் இருந்து எடுத்து வைத்தார். டெக்கின் தலையைப் பஞ்சிலே அல்ககோல் தொட்டுத் துடைத்தார். பிறகு நாடாவை ஒருமுறை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிட்டார், ஒட்டிக்கொண்டிருந்தால் இளகட்டும் என்று. கடைசியாகச் சின்னத் திருப்புளியால் தலையின் ஒரு ஆணியை மயிரிழை திருப்பினார். மந்தமாகக் கேட்ட சத்தம் பளிச்சென்று வந்தது. மெஷினுக்குக் காது கொடுக்கும் அதே முகம். உங்கள் கசற்றுகளைச் சுவரோர ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றும் சொல்லச் சொன்னார்.

ஃபோரம் நாடாவில் 24 தடம். எங்கள் கசற்றில் ஒரே ஒரு மைக். மாமாவின் தொண்டைச் செருமலும், நாதஸ்வரமும், ஜெனறேற்றர் இரைச்சலும், கடலை விற்கிறவனின் சத்தமும் பிரிக்க முடியாமல் ஒன்றாக இருக்கின்றன. தவில் தனியாவர்த்தனம் ஏறிக்கொண்டு போகும்போது பெடியள் விசில் அடிக்கிறார்கள். அதில் நாங்கள் இருவரும் நிச்சயம் நின்றிருக்க வேண்டும். ஐயா எங்களைப் பார்த்து இடது பக்கமா என்று கேட்டுச் சிரித்தார்.

இரண்டாம் பக்கத்தில், மேளம் நின்ற இடைவெளியில், ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் அப்பா. கோவிலில் அறிவிப்புச் சொல்வது அவர்தான் என்பதை நாங்கள் மறந்தே போனோம். வாகனங்களைத் தேர் முட்டியடியில் நிறுத்த வேண்டாம் என்கிறார். பிறகு, சிவப்பு நூல் கட்டிய திறப்பு ஒன்று கிணற்றடியில் கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும் என்கிறார். இரண்டு தரம் சொல்கிறார். கொஞ்சச் சனம் சிரிக்கிறது.

ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அண்ணனால் கதைக்க முடியவில்லை. தம்பி, கிளே, ஒரு திறப்பு, என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னான். சொந்தக்காரர் வந்தாரா என்று ஐயா அடுத்ததாகக் கேட்டார். அதை நாங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொன்னோம்.

"வந்தவ" என்றா அம்மா. "அது எங்கட வீட்டுத் திறப்பு. தன்ரை வீட்டுத் திறப்பையே தெரியாமல் மனிசன் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு நிக்குது. அதுக்குத்தான் சனம் சிரிக்குது."

கசற் மொத்தம் 58 நிமிடம். கணினியில் ஏற்றி மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று எங்களிடம், ஒன்று ரொறன்ரோவில் மாமாவின் மகளிடம், ஒன்று ஐயா தன்னுடைய குயீன் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார்.